கண்ணனும் கண்ணம்மாவும்: அன்பர் புனைவிற் பால்மாற்றம்

ஒரு கதையைக் கற்றவர், அக்கதையில் தம் உள்ளங் கவர்ந்த மாந்தரை விட்டுப் பிரிய மாட்டாது, அவரைக் கொண்டு தாமே புதுக்கதை புனைதல் உண்டு. இதனை ‘அன்பர் புனைவு’ என்று யாம் வழங்குவோம். அமெரிக்க நாட்டில் 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் அன்பர்கள், அடுத்த ஆண்டிலேயே தமக்கென ஓர் இதழ் கண்டு, அத்தொடரின் மாந்தரைப் பற்றிக் கதையும் கட்டுரையும் எழுதினர். இன்று இணையத்தின் வழியாக இவ்வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. இப்புனைவுகளுள் ஒரு வகை ஆராய்ச்சிக்கு உரியது. மூலக்கதையில் ஆணாக நின்றவரைப் பெண்ணாகவும், பெண்ணாக நின்றவரை ஆணாகவும் மாற்றி, ஆனால் ‘இவர் அவரே’ என்னும் அடையாளம் கெடாமல் எழுதுவது அது. ஏன் அங்ஙனம் எழுதுகின்றனர் என்பதே ஈண்டு நம் வினா.

இதற்கு மூன்று விடைகள் பொதுவாகக் கூறப்படும். மூலக்கதையில் பெண்மாந்தர் குறைவாதலின் அக்குறையை நிறைக்கின்றனர் என்பது ஒன்று. ஒருவர் இயல்பில் பாலால் வந்தது எது, வாராதது எது எனச் சோதித்தறிய விரும்புகின்றனர் என்பது மற்றொன்று. மூலத்தில் இயலாத காதலை இயல்விக்கின்றனர் என்பது மூன்றாவது. மூன்றும் பொய்யல்ல. ஆயினும் மூன்றிற்கும் அடியில் ஒரு பொதுக்காரணம் உளது என்பது எம் கருத்து. அன்பர் மாற்றக் கருதுவது மாந்தரின் உடலை அன்று, உறவை. இன்னார் இன்னாரோடு இன்ன முறையில் நிற்கலாம், இன்ன தொழில் செய்யலாம், இன்னது பேசலாம் என மூலம் வகுத்த பங்கீட்டை மாற்றுதற்கே பாலை மாற்றுகின்றனர். இக்கருத்தைத் தமிழிலக்கியத்திற் சிறந்த சான்றாகிய பாரதியாரின் கண்ணன் பாட்டைக் கொண்டு ஆராய்வாம்.

பத்தரையும் கதை அன்பரையும் ஒரு நிரலில் வைக்கலாமோ என ஐயுறுவார் உளர். வேறுபாடு உண்மையே. கதை அன்பர் தம் தலைவனைப் புனைவென அறிவர். பத்தர்க்கு அவன் மெய்ப்பொருள். ஆயின் இலக்கியச் செயல் என்னும் அளவில் இருவர் செய்வதும் ஒன்றே. கேட்போர் முன்னரே அறிந்த ஒருவரை எடுத்து, அவர் அடையாளத்தைக் காத்து, ஓர் இயல்பை மட்டும் மாற்றி, அம்மாற்றத்தால் எழும் புதுமையைக் கேட்போர் உணரச் செய்கின்றனர். இந்த ஒற்றுமை ஒன்றே ஈண்டு வேண்டுவது. புனைவிற் பால் மாறுதலையும் திருநர் வாழ்வையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு என்பதையும் இங்கேயே கூறிவிடுதல் நன்று. முன்னது பிறர் ஒருவரைக் கற்பனை செய்தல். பின்னது தாமே வாழும் வாழ்வு.

சங்கரன்கோவில் காட்டும் இடப்பாகம்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில், சங்கரலிங்கப் பெருமான் சந்நிதிக்கும் கோமதியம்மை சந்நிதிக்கும் இடையே சங்கரநாராயணர் சந்நிதி அமைந்துள்ளது. திருமேனியின் வலப்பாகம் சிவன், இடப்பாகம் திருமால். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் சிவனே பெரியன், திருமாலே பெரியன் என வாதிட்டனர் என்றும், இருவரும் ஒருவராய் நிற்கும் காட்சியை வேண்டி அம்மை புன்னைவனத்தில் தவம் இருந்தாள் என்றும், இறைவன் அங்ஙனமே காட்சி தந்தான் என்றும் தலபுராணம் கூறும். ஆடித் தவசு விழா இதனையே ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றது.

இக்கதையைச் சைவ வைணவ ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். நம் ஆராய்ச்சிக்கு வேறொரு செய்தி இதில் உண்டு. அம்மையப்பர் வடிவில் இடப்பாகம் அம்மைக்கு உரியது. சங்கரநாராயணர் வடிவில் அவ்விடத்தில் அவள் தமையனாகிய திருமால் நிற்கின்றான். ஒரே இடம், ஒருகால் பெண், ஒருகால் ஆண். நாவுக்கரசரும் திருவையாற்றுப் பதிகம் ஒன்றில், ஐயாறனுக்குத் திருமாலை அன்றி வேறு தேவி இல்லை என்னும் கருத்தை அமைத்துள்ளார். திருமாலை ஆண் என்றோ பெண் என்றோ துணிவதற்கு முன், அவன் எவ்விடத்தில், எவ்வுறவில் நிற்கின்றான் என்று நோக்கும் மரபு தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலவியது என்பது இவற்றாற் பெறப்படும். பாலை உறவே தீர்மானிக்கின்றது; உறவைப் பால் தீர்மானிக்கவில்லை.

பால் என்னும் சொல்

‘பால்’ என்னும் சொல்லே இதற்குச் சான்று பகரும். பகுத்தல் என்னும் கருத்தில் வழங்கும் இச்சொல் பகுதி, பக்கம், பங்கு எனப் பொருள்படும். ஊழ் என்னும் பொருளிலும் பழைய நூல்களில் வரும். ஒருவர்க்கு அளந்து வைக்கப்பட்ட பங்கு என்பதே இப்பொருள்கள் அனைத்திலும் ஊடாடும் கருத்து. ஆண்பால், பெண்பால் எனும்போது உடற்கூற்றைச் சுட்டுதலோடு, இன்னார்க்கு இன்ன பங்கு என்னும் வகுப்பையும் தமிழ்ச்சொல் தன்னகத்தே கொண்டுள்ளது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தார் பெயரையும் தெய்வப் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, இவற்றிற்குத் தமக்கென ஈற்றெழுத்து வேறு இல்லை என்றும், உயர்திணைப் பாலுக்குரிய ஈறுகளைக் கொண்டே இவை இசைக்கும் என்றும் விதித்தார். தெய்வத்திற்குத் தனக்கென ஒரு பாலீறு இல்லை. மக்களிடமிருந்து இரவலாகப் பெற்ற ஈற்றைக் கொண்டே அது வழங்கப்படுகின்றது. ஆயின், கண்ணன் என்னும் ஆண்பாலீறு ஓர் இரவல். கண்ணம்மா என்பதும் ஓர் இரவலே. மேலும் இவ்விரு பெயரும் தமிழ் இல்லங்களில் குழந்தைகளைக் கொஞ்சும் விளிகளாக இன்றும் வழங்குவன. இலக்கணம் திறந்து வைத்த வாயிலின் வழியே பாரதியார் நுழைந்தார் எனலாம்.

ஆழ்வார் கொண்ட வழி

அன்பர் உறவை மாற்ற இரு வழிகள் உள. தம் பாலை மாற்றிக்கொள்ளுதல் ஒன்று. தலைவன் பாலை மாற்றுதல் மற்றொன்று. ஆழ்வார்கள் முதல் வழியைக் கொண்டனர். சங்கரன்கோவிலுக்கு அணித்தாகிய திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் யசோதையாகி நின்று கண்ணனை நீராட்டினார்; பூச்சூட்டினார். குலசேகரர் தேவகியாகி, மகனை வளர்க்கப் பெறாத தாயின் ஏக்கத்தைப் பாடினார். நம்மாழ்வாரின் திருவாய்மொழி நூறு பதிகங்களுள் 27 பதிகங்கள் தலைவி, தாய், தோழி கூற்றாக அமைந்தவை. இந்நிலையில் அவரைப் பராங்குச நாயகி என்றும், திருமங்கையாழ்வாரைப் பரகால நாயகி என்றும் வைணவர் போற்றுவர். இங்கெல்லாம் மாறியவர் அன்பர். கண்ணன் ஆணாகவே நின்றான்.

இம்மாற்றத்தின் பயன் யாது? திருமங்கையாழ்வாரின் மடல்கள் இதனை நன்கு விளக்கும். மடலேறுதல் பெண்டிர்க்கு உரித்தன்று என்பது அகத்திணை மரபு. தொல்காப்பியரும் திருவள்ளுவரும் இதில் உடன்பட்டவர். பெரிய திருமடலின் தலைவியோ, அத்தென்னாட்டு வழக்கைத் தான் கேட்டிருந்தும் மேற்கொள்ளாது, வடநெறியையே வேண்டுவதாகக் கூறித் துணிகின்றாள். பெண் செய்யலாகாது என விலக்கிய செயல், ஆண் ஒருவர் பெண்ணாகிப் பாடியபோது பெண்ணின் வாய்மொழியாகவே இலக்கியத்துள் இடம்பெற்றது. பெண் உரிமை பெற்றாளா, ஆண் தன் உரிமையைப் பெண்ணுடையில் மறைத்துக் கொண்டுசென்றானா என்னும் வினா இங்கே எழுகின்றது. இரண்டும் நிகழ்ந்தன என்பதே நேர்மையான விடை. எவ்வாறாயினும், மாறியது பங்கீடு.

மெய்ப்பொருள் விளக்கமும் அதன் எல்லையும்

உயிர்கள் அனைத்தும் பெண், இறைவன் ஒருவனே ஆண். ஆகவே ஆழ்வார் பெண்ணாதல் மெய்ப்பொருள் உண்மையே அன்றிப் புனைவன்று எனச் சமயச் சான்றோர் விளக்குவர். ஆழ்வார் அளவில் இவ்விளக்கம் பொருந்தும். ஆயின் இறைவனே பெண்ணாகும் இடங்களில் இது நிற்றல் அரிது. திருக்கோவையாருக்குப் பேரின்பப் பொருள் கூறியோர் தலைவனை உயிராகவும் தலைவியைச் சிவமாகவும் கொண்டனர். அங்கே உயிர் ஆண், இறை பெண். இம்மாற்றத்தைச் செய்தவர் நூலைக் கற்ற அன்பர் என்பது கருதத்தக்கது. ஒரு மரபில் உயிர் பெண்ணும், மற்றொரு மரபில் உயிர் ஆணும் ஆகுமெனின், உயிரின் இயல்பு பற்றிய கொள்கை மட்டும் இரண்டையும் விளக்க மாட்டாது. இரண்டிற்கும் பொதுவாவது, காதலர் இருவர் என்னும் உறவை அமைத்துக்கொள்ளும் வேட்கை ஒன்றே.

ஆசாரிய இருதயம் தரும் மற்றொரு விளக்கமும் நோக்குதற்குரியது. அறிவு மேம்பட்ட நிலையில் ஆழ்வார் தாமாகப் பேசுவர், காதல் மேம்பட்ட நிலையில் பெண்ணாகப் பேசுவர் என அந்நூல் பகுக்கின்றது. நுட்பமான பகுப்பு இது. ஆயினும் இதனுள் ஒரு பங்கீடு மறைந்துள்ளது. அறிவு ஆணுக்கு, காதல் பெண்ணுக்கு என்பதே அது. இப்பங்கீட்டைப் பாரதியாரிடத்தும் பின்னர்க் காண்போம்.

கண்ணன் பாட்டு

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், புதுவையில் வாழ்ந்த காலத்தில், 1917-இல் கண்ணன் பாட்டு நூலாக வெளிவந்தது. வ. வே. சு. ஐயரின் முன்னுரையோடு இரண்டாம் பதிப்பு 1919-இல் வெளியாயிற்று. இந்நூலிலுள்ள 23 பாட்டுகளில் கண்ணன் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, சற்குருவாக, விளையாட்டுப் பிள்ளையாக, காதலனாக, ஆண்டானாக வருகின்றான். குழந்தையாகவும் காதலியாகவும் குலதெய்வமாகவும் வருமிடத்துக் கண்ணம்மா ஆகின்றான். தலைப்புகள் அனைத்தும் உறவுப் பெயர்களாக அமைந்திருத்தலைக் காண்க. ‘கண்ணன் யார்?’ என்பதன்று பாரதியாரின் வினா. ‘எனக்குக் கண்ணன் என்ன முறை?’ என்பதே. முறைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்லும்போது சில முறைகள் பெண்பாலீறு இன்றி அமையா. அவ்விடங்களில் ஈறு மாறுகின்றது. தாயாக வருமிடத்து மட்டும் பெயர் கண்ணன் என்றே நிற்கின்றது. பெயர் மாறாமலே உறவு மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

திருமால் மோகினியான கதை முன்னரே உண்டன்றோ, பாரதியார் செய்தது புதுமையோ எனின், ஆம் புதுமையே. மோகினி ஒரு காரியத்தின் பொருட்டுக் கொண்ட வேடம். காரியம் முடிந்தவுடன் அது களையப்படும். கண்ணம்மா வேடமல்லள். அவள் பின்னே ஒளிந்து நிற்கும் ஆண் ஒருவன் இல்லை. குழந்தைப் பாட்டின் தலைக்குறிப்பு பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியதாகக் கூறுகின்றது. கண்ணன் கண்ணம்மாவாகி, கண்ணம்மா பராசக்தியாகும் இந்நெறி, நாவுக்கரசர் திருமாலைத் தேவியாகக் கண்ட நெறியும் சங்கரன்கோவிலின் இடப்பாகம் காட்டும் நெறியும் ஆம். பாரதியார் தொல்பழைய வாயில் ஒன்றைக் காதற் பாட்டிற்குத் திறந்துவிட்டார்.

காத்திருப்பவர் யார்?

இனி இம்மாற்றத்தால் விளைந்தது யாதெனப் பாட்டுக்குள்ளேயே சென்று காண்போம். கண்ணன் காதலனாக வரும் பாட்டுகளில் பேசுபவள் பெண். அவள் உறக்கமின்றி வருந்துகின்றாள், காட்டிலே தேடுகின்றாள், பாங்கியைத் தூது விடுகின்றாள், பிரிவு நீண்டமையால் கண்ணன் முகமே மறந்துபோயிற்றென அழுகின்றாள். அகமரபில் இருத்தலும் இரங்கலும் பெரும்பான்மையும் பெண்ணின் பங்கு. பிரிதல் ஆணின் பங்கு. இப்பாட்டுகள் அம்மரபிற்குள் அடங்குவன.

கண்ணம்மா காதலியாக வரும் ஆறு பாட்டுகளுள் ‘குறிப்பிடம் தவறியது’ என்பது ஒன்று. இங்கே நீர்க்கரைத் தோட்டத்தில் குறித்த இடத்தில் வந்து நின்று, நிலவில் நொந்து, எத்திசை நோக்கினும் அவள் உருவே தோன்றக் காத்திருப்பவன் ஆண். வருவேன் எனச் சொல்லி வாராது ஒழிந்தவள் பெண். ‘பின்னே வந்து நின்று கண் மறைத்தல்’ என்னும் பாட்டில் மாலையில் கடலை நோக்கித் தனித்திருப்பவன் ஆண். ஓசையின்றி வந்து கண் பொத்துபவள் பெண். இரு தொகுதிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஆணாயினும் பெண்ணாயினும், நினைத்தபோது வருவதும் நினையாதபோது மறைவதும் கண்ணன் செயல்; காத்திருப்பது அன்பர் செயல். கண்ணனைக் கண்ணன் ஆக்குவது இந்த ஒளிந்தாடும் உரிமையே. பால் மாறியும் அது மாறவில்லை.

ஆயின் மாறியது யாது? காத்திருத்தல் என்னும் பங்கு பெண்ணைவிட்டு ஆணிடம் சென்றது. வாக்குத் தவறி வாராதிருக்கும் உரிமை, அதுவரை தலைவனுக்கே பெரிதும் உரியதாயிருந்தது, பெண்ணிடம் வந்தது. கண்ணன் ஆணாகவே நின்றிருந்தால், பாரதியார் ஆண் என்னும் நிலையில் நின்றே இங்ஙனம் காத்திருக்கும் காதலனாகப் பாட இயன்றிராது. பெண்ணாகிப் பாடியிருப்பின், பெண் காத்திருத்தல் என்னும் பழம்பங்கே மீண்டும் வந்திருக்கும். தலைவன் பாலை மாற்றியமையால்தான் காத்திருக்கும் ஆண் ஒருவன் தமிழ்க் காதற் பாட்டில் இத்துணை இயல்பாக இடம்பெற்றான். பால்மாற்றம் உறவுமாற்றமே என்னும் எம் கருத்திற்கு இது தலையாய சான்று.

பேச்சு யாருடையது?

இத்துடன் நிறுத்தின் ஆராய்ச்சி பாராட்டாக முடியும். மற்றொரு பக்கத்தையும் காணுதல் கடன். ‘கண்ணன் எனது சற்குரு’ என்னும் பாட்டில், சாத்திரங்கள் பல தேடித் தெளிவுறாத ஒருவன் கண்ணனை நாடிச் செல்கின்றான், முதலில் இகழ்கின்றான், பின்னர்க் கண்ணன் கூறும் அறிவுரையை நெடிது கேட்டுத் தெளிகின்றான். கண்ணன் அங்கே பேசுகின்றான், அன்பன் கேட்கின்றான். காதலியைப் பாடும் முதற்பாட்டாகிய ‘காட்சி வியப்பு’ என்பதிலும் சாத்திரம் வருகின்றது. கண்ணம்மா சாத்திரம் பேசுகின்றாள். காதலனோ, அது எதற்கு என இடைமறித்து, மணமுறைகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று கூறி முத்தத்திற்கு விரைகின்றான். அவள் என்ன கூறினாள் என்பது பாட்டில் இல்லை.

அவ்விடத்துச் சாத்திரம் மணத்தைப் பற்றியது, சற்குருவிடம் வினவியது மெய்ப்பொருளைப் பற்றியது. ஆதலின் இரண்டும் ஒன்றல்ல எனின், அது மெய்யே. காதற்பாட்டின் விரைவுக்கு அவ்விடைமறிப்பு அழகு தருவதும் மெய்யே. ஆயினும் கீதை உரைத்தவன் எனத் தமிழர் அனைவரும் அறிந்த ஒருவன், ஆணாக நின்று பேசும்போது நெடிது கேட்கப்படுகின்றான். பெண்ணாக நின்று பேசத் தொடங்கும்போது அவன் பேச்சுத் தடைபடுகின்றது. முதல் அடிகளிலேயே அவளுடைய கண்ணும் புடைவையும் வானத்துப் பொருள்களாக உவமிக்கப்படுகின்றன. அவள் சொல் உவமையாகவும் உரையாகவும் நிலைபெறவில்லை. அறிவு ஆணுக்கு, காதல் பெண்ணுக்கு என்னும் ஆசாரிய இருதயப் பகுப்பு இங்கே வேறு உருவில் மீள்கின்றது. வருதற்கும் மறைதற்கும் உரிமை பெண்ணோடு சென்றது. உரைத்தற்கு உரிமை செல்லவில்லை.

பெண்விடுதலையைத் தமிழில் ஓங்கிப் பாடியவர் பாரதியார். அவர் கைப்பட்ட மாற்றத்திலும் ஒரு பங்கு மாறாது நின்றதெனின், குறை அவர் ஒருவருடையதன்று. பால்மாற்றம் என்னும் உத்தியின் இயல்பே அது. ஈற்றை மாற்றுதல் ஒரு நொடிச் செயல். அவ்வீற்றோடு மரபு கட்டிவைத்த பங்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தல் நெடுஞ்செயல்.

இக்காலப் புனைவை அளக்கும் கோல்

இதுகாறும் கண்டதைக் கொண்டு இக்கால அன்பர் புனைவையும் நோக்கலாம். 1928-இல் வர்ஜீனியா உல்ஃப் எழுதிய ‘ஆர்லாண்டோ’ நாவலில் ஆண் ஒருவன் உறங்கி விழிக்கையில் பெண்ணாகின்றான். ஆள் அவரே, நினைவும் அதுவே. ஊர் திரும்பியவுடன், பெண் என்பதே அவருடைய சொத்துரிமைக்கு எதிரான வழக்குகளுள் ஒன்றாகின்றது. மாறியது இயல்பன்று, பங்கு என்பதை உல்ஃப் நன்கு காட்டினார்.

கல்கியின் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். 1950-இல் வாரந்தோறும் வெளிவரத் தொடங்கிய அக்கதையில் ஓலை கொண்டு ஈழம் வரை செல்பவன் வந்தியத்தேவன். பழையாறையிலிருந்து திட்டம் வகுத்து அனுப்புபவள் குந்தவை. வந்தியத்தேவனைப் பெண்ணாக்கி எழுத ஓர் இளைய வாசகி முற்படின், முதல் அதிகாரத்திலேயே அவளுக்கு ஒரு வினா எழும். ஏரிக்கரையில் தனியே குதிரையிற் செல்லும் பெண்ணை வழியிற் கண்டோர் என்ன கேட்பர்? சத்திரத்தில் அவளுக்கு இடம் கொடுப்பவர் யார்? மூலத்தில் எவரும் கேளாத இவ்வினாக்கள் மாற்றத்தால் வெளிப்படும். ஆணாக இருந்தமையால் வந்தியத்தேவனுக்குச் சொல்லாமலே கிடைத்த பங்கு எவ்வளவு என்பதும் அப்போதுதான் தெரியும். இதனை ஆராய்ச்சி என்று அவ்வாசகி கருதமாட்டாள். தனக்குப் பிடித்த ஒருவனைத் தனக்கு அணுக்கமாக்கிக்கொள்வதாகவே கருதுவாள். பெரியாழ்வார் யசோதையானதும் அணுக்கம் நாடியே.

ஆகவே இத்தகைய புனைவுகளை விளையாட்டென ஒதுக்குதலும், புரட்சியெனப் போற்றுதலும் ஒருங்கே தவறு. திறனாய்வாளர் செய்யத்தக்கது, பால் மாறியபோது எப்பங்குகள் உடன் மாறின, எவை பழைய இடத்திலேயே நின்றன என வகுத்துக் காணுதல். செலவு, காத்திருத்தல், வாக்குத் தவறுதல், சொத்து, பேச்சு என ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்து நோக்குதல் வேண்டும். இக்கோலால் அளக்கும்போது, பெயர் மட்டும் மாறிய கதையும் உறவு மாறிய கதையும் வேறு வேறாகப் பிரியும்.

நாயகி பாவப் பாசுரங்களிலும் பிற்காலச் சிற்றிலக்கியங்களிலும் இவ்வகையில் ஆராய்தற்குரிய இடங்கள் பல உள. ஆடவர் பெண்ணாகிப் பாடியவை தமிழில் மிகுதி. பெண்டிர் ஆணாகிப் பாடியவை மிகக் குறைவு. இக்குறைவிற்குரிய காரணத்தை முறைப்பட ஆராய்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். கண்ணம்மா பேசத் தொடங்கிய சாத்திரம் இன்னும் முடிவுபெறவில்லை. அதனை எழுதப் புகுவோர் இனி வருதல் கூடும்.